தகப்பனுக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியுமா?

திருமண ஆயத்த வகுப்புக்கு வரும் இளைஞர்களிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பங்கு எது, உறுதிபூசுதல் பெற்றாயிற்றா, திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்பன அவை. சென்ற மாதம் அவற்றோடு இன்னுமொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். "பிறந்து ஒரு மாதமான பிள்ளைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு உடம்பு சுடுகிறது. வீட்டில் நீரும் மனைவியும் மட்டுந்தான். என்ன செய்வீர்?"

வகுப்பில் பதினொரு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர், "பரசிற்றமோல் பாணி குடுப்பன் சுவாமி" என்றார். இன்னொருவர் விடியுமட்டும் பார்த்திருப்பாராம். மூவர், தாயாருக்கு அல்லது மாமியாருக்கு ரெலிபோன் எடுப்போம் என்றார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுள் ஒருவர் மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டக்கூடியவர். ஒருவர் வங்கியில் பிறருடைய இலட்சங்களைக் கணக்கிடுபவர். அறிவில் குறைந்தவர்கள் எவருமில்லை. ஆயினும் சரியான பதிலைச் சொன்னவர் ஒரேயொருவர்தான். அவர் கடற்றொழில் செய்பவர். "உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். அந்த வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் வீட்டிலை வைச்சுப் பாக்கக்கூடாது" என்றார். உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாயார் நோயாளி, மூன்று தம்பி தங்கைமாரையும் தானே தூக்கி வளர்த்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது!

அந்த வெட்கமே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஆண்பிள்ளை எம்மவர் மத்தியில் வெட்கப்படுகிறான், தெரியாதவன் சிரிக்கிறான்.

இதற்கு இளைஞர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. முன்னர் ஒரு வீட்டில் ஆறு ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்த பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் விளையாடப் போவான். ஏணையை ஆட்டுவதும் அவன் வேலைதான். இன்று வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள். இருபத்தெட்டு வயது வரை ஒரு கைக்குழந்தையைத் தொட்டே பார்த்திராத ஆண்கள் அநேகர். மணமானபின் மனைவி கர்ப்பவதியானால், பிள்ளைப்பேறு பெண்களின் காரியம் என்று அவனை வாசலுக்கு அனுப்பிவிடுகிறோம். பத்தியச் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்கிவருவதோடு அவன் கடமை முடிந்துவிடுகிறது. முப்பத்தொன்று கழியும் வரை தன் சொந்தப் பிள்ளைக்கே அவன் ஒரு விருந்தாளி. தப்பித்தவறித் தூக்கினாலும், "கழுத்துப் பிரண்டு போகும், இஞ்சை தாரும்" என்று அம்மம்மா கையிலிருந்து வாங்கிவிடுவார். இப்படிப் பழக்காமல் விட்டவனிடம் பின்பு, "உமக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லவும் செய்கிறோம்.

அம்மம்மா அருகில் இருக்கும் வரையில் இதனால் பெரிய ஆபத்து வராமல் போகலாம். ஆனால் இன்று எத்தனை இளங்குடும்பங்கள் கொழும்பில் வாடகை வீட்டிலும், பாரிசிலும் ரொறன்ரோவிலும் மாடிவீடுகளிலும் தனியே இருக்கின்றன? அங்கே இரவு பன்னிரண்டு மணிக்குத் தாய்க்கு அடுத்த ஆள் தகப்பன்தான்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நகரமொன்றில் உறவினர் எவருமின்றி வாழ்ந்த ஓர் இளந்தம்பதியருக்கு முதற்பிள்ளை பிறந்தது. தாய்க்குச் சத்திரசிகிச்சை. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அவளுக்குக் காயத்தில் கிருமி பிடித்துக் கடுங்காய்ச்சல். தகப்பன் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தான், கஞ்சி காய்ச்சினான், உடுப்புத் தோய்த்தான். பிள்ளை நித்திரையாகவே கிடந்தது. பால் கொடுக்க எழுப்பினாலும் இரண்டு தரம் சூப்பிவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டது. ஒன்றரை நாள் இப்படிக் கழிந்தபின், நோயிற் கிடந்த தாய்தான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறதே என்று அலறியிருக்கிறாள். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். பிள்ளைக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அழைப்பு வந்தது. நான் போனபோது வைத்தியர் தகப்பனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "நேற்றிலிருந்து பிள்ளைக்கு எத்தனை தரம் சலம் போனது?" அவனுக்குத் தெரியவில்லை. "கடைசியாக எப்போது பால் குடித்தது?" அதற்கும் பதிலில்லை. பின்பு வெளிவிறாந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அழாமல் கிடந்தான் சுவாமி. குழப்படியில்லாத பிள்ளை எண்டு சந்தோசப்பட்டனான்."

ஆண்டவர் அருளாலும் அந்த வைத்தியர்களின் திறமையாலும் பிள்ளை பிழைத்தது. மூன்று வாரம் வைத்தியசாலையில் இருந்தது. அந்தத் தகப்பன் அன்பில்லாதவன் அல்லன். அவனிடம் குறைவாக இருந்தது, அரை மணித்தியாலத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய அறிவு.

ஆகவே, தம்பிமாரே, முதற் பாடம் இதுதான். அழும் பிள்ளையைவிட அழாத, குடிக்காத, எழுப்ப முடியாத பிள்ளையைக் குறித்தே பயப்பட வேண்டும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கிருமி பிடித்தால், வளர்ந்தவர்களைப் போல இருமலும் முனகலும் இராது. பால் குடிப்பது குறையும். கைகால் ஆட்டம் குறையும். உடம்பு சுடலாம், மாறாகக் குளிர்ந்தும் போகலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற் இருந்தால், மருந்தைக் கொடுத்துவிட்டு விடியலுக்குக் காத்திருத்தல் ஆகாது. அந்நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும்.

மூச்சையும் பாருங்கள். சிறு பிள்ளையின் மூச்சு எம்முடையதிலும் வேகமானது. சில வேளை ஒரு கணம் நின்று பின் ஓடும். ஆகவே கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. பிள்ளை அமைதியாக இருக்கையில் சட்டையைத் தூக்கி, வயிறு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து எண்ண வேண்டும். அறுபது அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தாலும், மூச்செடுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், முனகல் கேட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் தாமதிக்கலாகாது. வலிப்பும் அப்படியே. மஞ்சள் நிறம் பல பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வந்து தானே மறையும். ஆனால் பிறந்த முதல் நாளிலேயே வந்தாலோ, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெரிந்தாலோ அது வேறு. வெயிலில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும் அவ்வாறே. தொப்புளுக்குச் சாம்பல், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டியதில்லை. சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும்.

வைத்தியர் கேட்ட அந்தச் சலக் கணக்குக்கு வருவோம். தாய்க்குப் பால் போதவில்லை என்பதே இளம் வீடுகளில் எழும் முதற் கவலை. முதற் சில நாட்களில் பிள்ளை நிறை குறைவது இயல்பு. பிறந்த நிறையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரமளவில் மீண்டும் பழைய நிறைக்கு வந்துவிடும். இது தெரியாத தகப்பன் பதறிப்போய்க் கடைக்கு ஓடி மாப்பால் ரின் வாங்கி வருகிறான். அன்பின் காரணமாகத்தான்! ஆனால் அந்த ரின் திறக்கப்பட்ட நாளிலிருந்து தாயிடம் பிள்ளை குடிப்பது குறைகிறது; குடிப்பது குறையக் குறையச் சுரப்பதும் குறைகிறது. இத்தகைய பால்மாக்களைத் தாய்மாரிடம் விளம்பரம் செய்வதற்கு எதிராக 1981ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார சபை விதிமுறை வகுத்தது என்பதை நினைவிற்கொள்க. ஐந்தாம் நாளுக்குப் பின் இருபத்துநாலு மணித்தியாலத்தில் ஆறு தரமோ அதற்கு மேலோ சலம் போனால், பிள்ளைக்குப் பால் கிடைக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பிள்ளையின் நனைந்த துணியை மாற்றுகிறவனுக்கு இந்தக் கணக்கு தானாகவே தெரிந்துவிடும். துணி மாற்றுவது கேவலமான வேலை என்று எண்ணுகிற தகப்பன், தன் பிள்ளையின் சுகத்தைப் பற்றிய செய்தி தன் கைக்கு வருவதையே தடுத்துக்கொள்கிறான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் தண்ணீர் உண்டு. நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கமும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் குடலில் முளைத்து, உடலைச் சோரச் செய்யும் நஞ்சை உண்டாக்க இடமுண்டு. இதை மூத்தவர்களுக்குச் சொல்வது சங்கடந்தான். மருமகள் சொன்னால் சண்டை வரும். மகன் சொன்னால் மாமி கேட்பார். அதுவும் தகப்பனுடைய வேலைகளில் ஒன்று.

தாய்தானே பால் கொடுக்கிறாள், நான் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிள்ளையைத் தூக்கித் தாயின் கையிற் கொடுங்கள். அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். குடித்து முடிந்ததும் தோளிற் போட்டு முதுகைத் தடவி ஏவறை விடப் பண்ணுங்கள். தூக்குகையில் ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழே இருக்கட்டும். மற்றக் கை இடுப்புக்குக் கீழே. தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

இனி, ஒருவரும் வெளியே பேசாத ஒன்றைப் பேச வேண்டும். அது இரவில் வரும் கோபம்.

நல்ல சுகமான பிள்ளையும் அழும். இரண்டாம் வாரமளவில் அழுகை கூடத் தொடங்கி, ஆறாம் வாரமளவில் உச்சத்துக்கு வந்து, மூன்று நாலு மாதத்தில் அடங்கும். அக்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம், அதுவும் பின்னேரத்திலும் இரவிலும் அழுவது புதுமையன்று. பசி, ஈரத்துணி, வெக்கை, நுளம்பு, வயிற்றுக் காற்று எல்லாம் பார்த்தாயிற்று, பின்னும் அழுகிறது. விடியற்காலை வேலைக்குப் போக வேண்டிய மனிதனுக்கு அவ்வேளையில் என்ன தோன்றும் என்பது, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சிலர் என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தோன்றுவதற்காக ஒருவன் கெட்ட தகப்பன் ஆகிவிடமாட்டான். ஆனால் அந்தக் கோபத்தில் பிள்ளையைப் பிடித்து உலுக்கினால், சில விநாடிகளுக்குள்ளேயே மூளையில் இரத்தம் கசியலாம்; கண்பார்வை போகலாம்; உயிரும் போகலாம். தலை பாரம், கழுத்து பலமில்லை. விளையாட்டுக்காக மேலே எறிந்து பிடிப்பதும் அந்த வயதில் வேண்டாம். கோபம் வருகிறது என்று கண்டால் பிள்ளையைப் பாயில் மல்லாக்க வளர்த்திவிட்டு, அறையை விட்டு முற்றத்துக்குப் போங்கள். பத்து நிமிடம் பிள்ளை அழுதால் ஒன்றும் ஆகாது. கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வாருங்கள். மனைவிக்கும் இதே கோபம் வரும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அப்போது பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை முற்றத்துக்கு அனுப்புவது உங்கள் முறை.

மல்லாக்க என்று சொன்னேன். குப்புறக் கிடத்தினால் பிள்ளை நன்றாக உறங்கும் என்று மேல்நாட்டு வைத்தியர்களே ஒருகாலத்தில் சொன்னார்கள். அது பிழை என்று பின்னர் கண்டு, பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கக் கிடத்தும்படி பெரும் பிரசாரம் செய்தார்கள். அதன்பின் நித்திரையில் காரணமின்றிப் பிள்ளைகள் இறப்பது பாதிக்கு மேல் குறைந்தது. படிப்பில்லாத எமது பாட்டிமார் பிள்ளையை மல்லாக்க வளர்த்தியே பழகியவர்கள் என்பதை எண்ணிச் சற்றுப் பெருமைப்படலாம்! முகத்துக்கருகில் தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை வேண்டாம். ஏணையில் நாடி நெஞ்சில் குத்தியபடி மடங்கிக் கிடக்கிறதா, துணி மூக்கை மூடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். அறைக்குள் சிகரெட் புகை ஆகாது. மதுபானம் அருந்திவிட்டுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுப்பது பிள்ளையை நசுக்கிக் கொல்வதில் முடியலாம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆண்மகனின் உடம்பு பிள்ளை வளர்ப்பதற்கு அமைந்ததன்று என்று வாதிப்போர் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களை ஆய்வாளர்கள் சில வருடங்களாக அவதானித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தகப்பனான ஆண்களின் உடலில் ஆண்மைச் சுரப்பு குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களிடம் மிகக் குறைவாக இருந்தது. பிள்ளையோடு பழகப் பழக ஆணின் உடலும் அதற்கேற்ப மாறுகிறது போலும். கொலம்பியாவின் பொகொட்டா நகரில் 1970களின் இறுதியில், நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளை வைக்க வெப்பப் பெட்டிகள் போதாமையால், தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையை வைத்தியர்கள் தொடங்கினார்கள். இன்று அது உலகெங்கும் பரவியிருக்கிறது. தாய்க்கு முடியாதபோது தகப்பனின் வெறும் நெஞ்சும் அதே சூட்டைக் கொடுக்கும்.

வேதாகமத்திலும் ஓர் இடமுண்டு. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் மோயீசன் ஆண்டவரிடம் முறையிடுகையில், பால்குடிப் பிள்ளையைச் சுமப்பவனைப் போல இம்மக்களை நான் சுமக்க வேண்டுமா என்ற கருத்தில் பேசுகிறார். அங்கே பிள்ளையைச் சுமப்பவரைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஆண்பாற் சொல். குருமடத்தில் எமது பேராசிரியர் இதைச் சுட்டிக்காட்டியபோது நாங்கள் சிரித்தோம். எகிப்துக்கு இரவோடிரவாகப் புறப்பட்ட புனித சூசையப்பரின் கைகளைப் பற்றி நான் பின்னாளில் யோசித்ததுண்டு. அவ்வழியில் குழந்தையை மாறி மாறிச் சுமந்திருக்க மாட்டார்களா?

அந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாதையில் மழைக்குள் நாங்களும் நடந்தோம். என் கடைசித் தங்கைக்கு அப்போது நாலு மாதம். அம்மாவுக்குக் காலில் வீக்கம். எங்களில் ஒருவரையும் கைக்குழந்தையாகத் தூக்கி நான் கண்டிராத ஐயா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளை நெஞ்சோடு அணைத்திருந்தார். "தலையைப் பிடியுங்கோ, தலையைப் பிடியுங்கோ" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்து பிள்ளைகளுக்குப் பிறகு, நடுத்தெருவில், அவ்வளவு சனத்துக்குள் ஐயா அதைப் பழகினார்.

தாயைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது அநேக பெண்களுக்கு உண்டு. அது சில நாளில் மாறும். இரண்டு வாரம் கடந்தும் அவள் முகம் தெளியாவிட்டால், பிள்ளை உறங்கும்போதும் அவளுக்கு நித்திரை வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றோ, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றோ சொன்னால், அது கொழுப்புமன்று, பேய்க்குணமுமன்று. அது நோய், மருந்தும் ஆறுதலும் உண்டு. வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமற் சொல்லுங்கள். அவர் வரும் நாளில் தகப்பனும் வீட்டில் நிற்பது நல்லது. பிள்ளையின் நிறைக்கோடு கீறிய அந்தச் சுகாதாரப் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த தகப்பன்மார் எத்தனை பேர்? இரண்டாம், நாலாம், ஆறாம் மாதத் தடுப்பூசித் திகதிகள் அதிலேயே இருக்கின்றன.

அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். மருமகன் பிள்ளையைத் தூக்கும்போது பறிக்காதீர்கள். பக்கத்தில் நின்று கையை எங்கே வைப்பதென்று காட்டுங்கள். துணியைக் கோணலாகக் கட்டினால் கட்டட்டும்.

எமது பங்கின் அடுத்த ஆயத்த வகுப்பில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். குடும்ப நல உத்தியோகத்தர் வரச் சம்மதித்துள்ளார். அந்தக் கடற்றொழிலாளத் தம்பியையும் கேட்டேன். கொஞ்சம் மறுத்துவிட்டு, வருவதாகச் சொன்னார். பிள்ளையைத் தூக்குவதையும் துணி மாற்றுவதையும் அவர் காட்டித்தருவார். பொம்மை வாங்கப் பங்கில் பணமில்லை. ஆளுக்கொரு பெரிய துவாயைச் சுருட்டிக்கொண்டு வரும்படி மணமகன்மாருக்குச் சொல்லியிருக்கிறேன்.